குடும்பத்தாருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது

எண்பதுகளின் பின்பாதியில் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருக்கும் ஓர் ஓட்டலில் பேச வரும்படி எனக்கு அழைப்பு வந்தது. கம்பெனிகளில் மக்கள் தொடர்பு வேலை பார்ப்பவர்கள் ஒன்றுகூடும் கருத்தரங்கு அது. இந்தத் துறைக்கு வருங்காலத்தில் தலைமை ஏற்கப் போகிறவர்களுக்கு என்னென்ன திறமைகள் வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிராங்கூன் ரோட்டில் கிளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அழைத்திருந்தால் காரியம் இன்னும் சிக்கனமாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் நிர்வாக இயக்குநருக்கு ஒரே பெருமை. மாட்டேன் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

எழுத உட்கார்ந்தபோது முதல் பக்கம் மளமளவென்று வந்தது. கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும். தொலைக்காட்சிக் கேமரா முன்னால் வியர்க்காமல் பேசத் தெரிய வேண்டும். ஃபேக்ஸ் வந்துவிட்டது, இனிமேல் எந்த நிருபரையும் நாளைக் காலை வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. இப்படியே போய், கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்ற இடத்துக்கு வந்தேன். 'குடும்பத்தாருக்கு முதலில் தகவல் தெரிவிக்க வேண்டும்' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கப்பல் பட்டறையில் பிற்பகல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் டெலெக்ஸ் தடதடத்துக்கொண்டிருந்தது, நான் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியில் இருப்பதை ஒரு தடவை எழுத்துப் பிசகாமல் செய்தவள் நான். அதனால் என்ன ஆயிற்று என்பதும் எனக்குத் தெரியும்.

எழுபதுகளில் நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அம்மா, அண்ணன், நான். ஒரே அறையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தோம். கீழே மளிகைக்கடை. கடையில் மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மாடியில் நாங்கள்தான் தும்முவோம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தான். கிரேன் தூக்கும் இரும்புத் தகடுகளுக்குச் சங்கிலி மாட்டுவது அவன் வேலை. அவன் சம்பளத்தில்தான் நான் படித்து முடித்தேன். முடித்ததும் அதே பட்டறையின் அலுவலகத்தில், மக்கள் தொடர்புப் பிரிவில், எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சில மேசைகள், ஒரு டெலெக்ஸ், ஒரு பெரிய பசைப் போத்தல். பத்திரிகைகளில் எங்களைப் பற்றி வந்ததை வெட்டி ஒட்டுவேன். கேண்டீனில் ஒட்டும் அறிவிப்புகளைத் தமிழில் எழுதுவேன். பத்திரிகைகளுக்கு அனுப்பும் அறிக்கைகளை முதலில் டைப் மட்டும் அடித்தேன், பிறகு மெல்ல மெல்ல நானே எழுதவும் ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் பூசி மெழுகுவதற்கு எனக்குக் கை நன்றாக வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

தினமும் காலையில் நானும் அண்ணனும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போவோம். அவன் பட்டறை கேட்டில் இறங்குவான், நான் அலுவலகத்தில் இறங்குவேன். ஒரு முறை பழுது பார்க்க வந்த கப்பலில் தீப்பிடித்தது. மறுநாள் பத்திரிகையில் எங்கள் அறிக்கை வந்திருந்தது. கப்பலில் சிறிதளவு புகை காணப்பட்டது, உடனே கட்டுப்படுத்தப்பட்டது என்று. அண்ணன் அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, பாதி கருகிப் போயிருந்த தன் புருவத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டினான். சிறிதளவு புகையாம். அன்றிலிருந்து நான் எதைச் சுற்றி வளைத்துச் சொன்னாலும், பிராட்டா ரொட்டி வாங்க மறந்துவிட்டுக் கடையில் கூட்டம் என்று சொன்னாலும், "ஸ்டேட்மெண்ட் விடாதே லா" என்பான், பட்டறையில் ஒட்டிக்கொண்ட அந்த 'லா'வோடு. அம்மாவும் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டாள். வீட்டில் எனக்குப் பொய் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

எங்கள் சந்துக்கே அப்போது ஒரே டெலிபோன்தான், கீழே மளிகைக்கடையில். யாருக்கு அழைப்பு வந்தாலும் கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக் கூப்பிடுவார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், நல்ல குரல். கடையில் எப்போதும் பனியனும் வேட்டியும்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் மச்சான், பாஸான தங்கை, பிறந்த குழந்தை என்று எல்லாச் சேதியையும் தெருவில் நின்றபடியே மேலே அனுப்பிவிடுவார். சாவை மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடையை ஆளிடம் விட்டுவிட்டு, படியேறி வருவார். வந்த பிறகும் இறந்துவிட்டார் என்று சொல்ல மாட்டார். உடம்புக்கு முடியவில்லையாம், கொஞ்சம் மோசமாக இருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்பார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, அதனால்தான் அப்படி. பெண்பிள்ளைகள் நின்ற இடத்தில் விழுந்துவிடக் கூடாது, போகிற வழியில் மனதைத் தேற்றிக்கொள்ளட்டும் என்ற எண்ணம். நம்மவர்கள் எல்லோருமே அப்படித்தானே சொல்கிறோம். ஊரிலிருந்து வரும் தந்தியும் அப்படித்தான் வரும்.

அப்பா இறந்தபோதும் கடைக்காரர் அப்படித்தான் வந்தார். ஐயாவுக்கு மயக்கமாம், வாங்க போகலாம் என்றார். அம்மா நம்பினாள். ஃபிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு, மாற்றுச் சட்டை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவளை வார்டுக்கு அழைத்துப் போகவில்லை, நேரே பிணவறைக்கு அழைத்துப் போனார்கள். கையில் கஞ்சியோடு அங்கே நின்றதை அம்மா கடைசி வரை மன்னிக்கவில்லை. கடைக்காரரை அல்ல, தன்னையே. நம்பிப் போனதற்காக.

அண்ணனுக்கு அடிபட்ட அன்று நான் மேசையில்தான் இருந்தேன். மதிய உணவு நேரம் முடிந்து சற்று நேரம் ஆகியிருக்கும். பாதுகாப்பு அதிகாரி எங்கள் அறைக்கு வந்தார். வழக்கமாக உள்ளே நுழைந்ததும் யாரையாவது கேலி செய்வார். அன்று என் முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். கிரேனிலிருந்து தகடு நழுவிவிட்டது, உன் அண்ணன் அடியில் மாட்டிக்கொண்டான், இடுப்புக்குக் கீழே பலமான அடி, நினைவு இருக்கிறது, பேசுகிறான், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று சொன்னார். எல்லாவற்றையும் வரிசையாக, ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒரு விஷயத்துக்காக இன்றுவரை அவரை நான் வாழ்த்துகிறேன்.

வேலைப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. விபத்து என்றால் முதலில் குடும்பத்துக்குச் சொல், பிறகுதான் பத்திரிகைக்கு, சொல்வதைத் தெளிவாகச் சொல், உறுதியானதை மட்டும் சொல் என்பது எங்கள் பிரிவின் விதி. டெலிபோனை எடுத்துக் கடைக்கு அடித்தேன். நான் சொன்ன வார்த்தைகள் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"மாமா, அண்ணனுக்கு அடிபட்டிருச்சு. உயிரோட இருக்கு, பேசுது. அம்மாவை உடனே டாக்ஸியில ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

மறுமுனையில் கடைக்காரர் மிக மெதுவான குரலில் பேசினார்.

"சரிம்மா. நீ தைரியமா இரு. அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு டெலிபோனை வைத்தேன். என் செய்தியில் குறை சொல்ல எதுவும் இல்லை. யாருக்கு, என்ன, எங்கே, என்ன செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு. எத்தனையோ வீட்டுக்கு அவரே படியேறிப் போய்ச் சொன்ன அதே தினுசில் அது இருந்தது. அடிபட்டிருக்கிறது, உயிர் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பாவம், சின்னப் பெண், தன் அம்மாவிடம் சொல்லும் பொறுப்பை நம்மிடம் விடுகிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மாடியில் நடந்ததைப் பிறகு பக்கத்து அறைக்காரப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மா படிக்கட்டின் மேலே நின்றிருந்தாளாம். சட்டை போட்டுக்கொண்டு ஏறி வருகிறவரைப் பார்த்ததும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாளாம். அடிபட்டிருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறான், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் சொன்னாராம். நான் சொல்லிக் கொடுத்ததையேதான் சொல்லியிருக்கிறார், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. அம்மா அழக்கூட இல்லையாம்.

"நான் வரல. போன தடவை வந்தது போதும். அவனை வீட்டுக்குக் கொண்டாந்துரச் சொல்லுங்க."

இதெல்லாம் தெரியாமல் நான் கம்பெனி வேனில் ஜூரோங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம், அம்மா எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டு போனேன். அழுது ஆர்ப்பாட்டம் செய்து நர்சுகளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள் என்றுகூட நினைத்தேன்.

அம்மா அங்கே இல்லை. அண்ணனைத் திரை போட்ட ஒரு மூலையில் படுக்க வைத்திருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. போர்வைக்குக் கீழேதான் எல்லாம். டாக்டர் சின்ன வயதுச் சீனர். என்னைத் தள்ளி அழைத்துப் போய், வர வேண்டியவர்கள் சீக்கிரம் வந்துவிட்டால் நல்லது என்றார். அவர் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி அம்மாவைப் பற்றித்தான்.

"அம்மா வந்துருச்சா?"

வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அப்போது அது எனக்குத் தெரிந்த உண்மை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்சம் கழித்துத் திறந்து வாசல் பக்கம் பார்த்தான். மலாய்க்கார நர்ஸ் ஒருவர் ஈரப் பஞ்சால் அவன் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுக்கக் கூடாதாம். அவன் மறுபடி வாசலைப் பார்த்தான். நான் நடைபாதைக்கு ஓடி, காசு போடும் டெலிபோனில் பத்துக் காசைப் போட்டுக் கடைக்கு அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. திரும்பி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி ஓடினேன். கடை டெலிபோனில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். டாக்ஸி பிடித்து நானே போய் அழைத்து வந்துவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் இவன் போய்விட்டால் பக்கத்தில் யாருமே இல்லாமல் போய்விடுவானே. போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மறுபடியும் அதையே கேட்டான், அம்மா வந்துவிட்டாளா என்று. அவன் கண்ணில் இருந்த ஏக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"கீழ வந்துருச்சுண்ணே. லிஃப்டுக்கு நிக்குது. இதோ வந்துரும்."

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தான். அந்த நிலைமையிலும் அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"ஸ்டேட்மெண்ட் விடாதே லா."

அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. ஆனாலும் வாசலைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பொய் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

நான் மூன்றாவது முறையாக டெலிபோனுக்கு ஓடினேன். இந்த முறை கடைக்காரரே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா. பிடோக்ல உன் சித்தப்பாவுக்கும் போன் பண்ணிட்டேன். எப்போ கொண்டு வர்றாங்க?"

எதைக் கொண்டு வருகிறார்கள் என்று ஒரு கணம் எனக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் நடைபாதையில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"மாமா, அண்ணன் உயிரோட இருக்கு. நெசமா உயிரோட இருக்கு. அம்மாவைக் கேக்குது."

டெலிபோன் எதன் மேலோ மோதி விழும் சத்தம் கேட்டது. அவர் படியில் ஏறி ஓடும் சத்தமும் அம்மாவின் பெயரைச் சொல்லி அலறுவதும் தூரத்தில் கேட்டன. நான் திரும்பி வந்தபோது நர்ஸ் திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

அம்மா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. பின்னால் கடைக்காரர் சட்டைப் பட்டனைக்கூட ஒழுங்காகப் போடாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா போர்வையை விலக்கி அண்ணனின் கன்னத்தில் கை வைத்தாள், கழுத்தில் வைத்தாள், நெஞ்சில் வைத்தாள்.

"இன்னும் சூடா இருக்கேடி."

அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. முயற்சி செய்யவும் மாட்டேன்.

மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது. எங்கள் பிரிவில் வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேலையிடத்தில் ஏற்பட்ட விபத்தில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், குடும்பத்தாருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அதை வெட்டி, தேதி முத்திரை குத்தி, வழக்கம்போலக் கோப்பில் ஒட்டியிருந்தார்கள். நான் அதை நெடுநேரம் பார்த்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தகவல் தெரிவிக்கப்பட்டது உண்மைதான். தெரிவித்தவளே நான்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கோப்பைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன், மாதச் சம்பளம் இப்போது என்னுடையது மட்டும்தான்.

கடைக்காரர் அதன் பிறகு பாதி ஆளாகிவிட்டார். அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் என்ன செய்வார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் அவரால் எங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சில மாதங்களில் கடை டெலிபோனைத் துண்டித்துவிட்டார். சந்து முழுக்க முணுமுணுத்தது. எனக்கு வேண்டாம், சேதி சொல்கிற வேலையே எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம்.

அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், காரியம் முடிந்த அன்று. அவன் என்னைக் கேட்டானா என்றாள். கேட்டுச்சும்மா என்றேன். எத்தனை தடவை, எப்படிக் கேட்டான், நான் என்ன பதில் சொன்னேன், எதையும் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு அந்தப் பேச்சே எங்களுக்குள் வரவில்லை. சந்திலிருந்து கிளம்பி பூன் லேயில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். சொந்தமாக டெலிபோன் வந்தது. அது அடித்தால் அம்மா எடுக்க மாட்டாள். நான் குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, அது பாட்டுக்கு அடித்து ஓயும். அவள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நான் வேலையில் மேலே போய்க்கொண்டே இருந்தேன். உதவியாளர், அதிகாரி, கடைசியில் பிரிவுக்கே தலைவி. எப்படி என்று கேட்டால், விபத்து நடந்த குடும்பங்களுக்கு நானே நேரில் போவேன். டெலிபோனில் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார மாட்டேன். சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, நம்மவர் வீடு, எங்கேயானாலும் போய், சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுவேன். மேலிடத்தில் அதைப் பெரிய திறமை என்று பாராட்டினார்கள். அது திறமை இல்லை, பயம்.

கருத்தரங்கு நாள் வந்தது. குளிரூட்டிய அரங்கம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், படம் காட்டும் கருவி. எழுதி வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். கம்ப்யூட்டர், கேமரா, பல மொழி. கை தட்டினார்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து, கெட்ட செய்தியைக் குடும்பத்துக்குச் சொல்ல எதில் பயிற்சி எடுக்க வேண்டும் என்று கேட்டாள். எழுதி வைத்திருந்த பதில் கையில் இருந்தது. வாசிக்கவில்லை. நாம் என்ன சொல்கிறோம் என்பதில் எல்லோரும் பயிற்சி எடுக்கிறோம் என்றேன். கேட்கிறவர்கள் இதற்கு முன்னால் யார் வாயால் என்ன கேட்டு ஏமாந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், சொன்ன பிறகு போய், அவர்களுக்கு என்ன கேட்டது என்று பாருங்கள், அதற்கு எந்த மெஷினும் வரப்போவதில்லை என்றேன். அரங்கம் முழுக்க அதைக் குறித்துக்கொண்டது. எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள் என்று தேநீர் இடைவேளையில் ஒருவர் கை குலுக்கினார். நான் கையை உருவிக்கொண்டு வெளியே நடந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா தட்டில் சாதம் போட்டு, வெண்டைக்காய்க் குழம்பை ஊற்றிவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் என்ன பேசினாய் என்று கேட்டாள். வழக்கமாகக் கேட்க மாட்டாள். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று ஒரு பெண் கேட்டாள் என்றேன். அம்மா மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அவன் என்னைக் கேட்டப்ப நீ என்ன சொன்னே?"

இத்தனை வருஷம் கழித்து. நீ கீழே வந்துவிட்டாய், லிஃப்டுக்கு நிற்கிறாய் என்று சொன்னதாகச் சொன்னேன்.

"நம்பினானா?"

"நம்புச்சும்மா."

அம்மா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணைத் திருப்பவில்லை, அந்த வேலையில் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவள் கோபப்படவில்லை.

"இல்லடி. நம்பியிருக்க மாட்டான். நீ பொய் சொன்னா அவனுக்கு உடனே தெரியும். எனக்கும் தெரியும். பரவால்ல, சாப்பிடு."

நான் சாப்பிடவில்லை. அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள், என்னிடம் பேசுகிற மாதிரியே இல்லை.

"லிஃப்டுக்கு நிக்கிறேன்னு நீ சொன்னியே, அந்த நேரத்துல நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? அவன் கட்டிலை மடக்கிச் செவுத்தோரம் நிறுத்திட்டு, தரையைக் கழுவிட்டிருந்தேன். அவனைக் கொண்டாந்து கிடத்த எடம் வேணுமேன்னு."

அன்று காலையில் ஓர் அரங்கத்துக்கே பதில் சொல்லிவிட்டு வந்தவள் நான். எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து, அண்ணன் இறந்த பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.